கன்ட்ரோலர் காட்டும் எண்ணை மட்டும் நம்பினால் போதுமா? ட்ரெய்லர் பிரேக் வேலை செய்யும் விதம்

பிக்கப் வண்டியில் கனமான ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் சேர்ந்து பேசினால் பேச்சு பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியே போகும். எவ்வளவு எடை இழுக்கும், மேட்டில் எந்த கியரில் ஏறும், இப்படி. நிறுத்துவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் "பிரேக் கன்ட்ரோலர் போட்டிருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நாம் பிரேக் போடும்போது ட்ரெய்லரின் மின்சார பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி அது. எனக்கு அந்த பதில் போதவே போதாது. டாஷ்போர்டில் 6.5 என்றோ 8.0 என்றோ ஒளிரும் எண், வண்டியிலிருந்து எவ்வளவு மின்சாரம் கிளம்பியது என்பதைத்தான் சொல்கிறது. அதில் எவ்வளவு சக்கரம் வரை போய்ச் சேர்ந்தது, சேர்ந்தது எவ்வளவு பிரேக் பிடித்தது என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ட்ரெய்லர் பிரேக்கில் வரும் பிரச்சினைகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது, ஆனால் பணமும் கவனமும் போவது என்னவோ கன்ட்ரோலர் பெட்டி மேல்தான்.

முதலில் எடைக் கணக்கு. 2,500 கிலோ பிக்கப், பின்னால் 3,500 கிலோ ட்ரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ட்ரெய்லரிடம் மட்டும் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 13.5 லட்சம் ஜூல். நாலு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் அது. அவசரமாக நிறுத்தும்போது இது மொத்தமும் சில விநாடிகளுக்குள் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். ட்ரெய்லருக்குத் தனியாக பிரேக் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் வேலை செய்யாவிட்டால், தன் சொந்த 2,500 கிலோவை நிறுத்த வடிவமைக்கப்பட்ட வண்டியின் பிரேக்குகள் 6,000 கிலோவை நிறுத்த வேண்டியிருக்கும். நிற்கும் தூரம் கூடுவதோடு விஷயம் முடியாது. வளைவில் பிரேக் போடும்போது பின்னாலிருந்து ட்ரெய்லர், வண்டியோடு அதை இணைக்கும் ஹிட்ச்சைத் தள்ளும், தள்ளுகிற திசையும் வண்டி திரும்புகிற திசையும் வேறாக இருப்பதால் வண்டியின் பின்பக்கம் வெளியே தள்ளப்பட்டு, மோசமான நிலைமையில் ட்ரெய்லர் கத்திரிக்கோல் போல மடிந்து வண்டியின் பக்கவாட்டிலேயே வந்து இடிக்கும்.

அதனால்தான் ட்ரெய்லரின் எடையை ட்ரெய்லரே நிறுத்த வேண்டும் என்பது அடிப்படை விதி. நாட்டுக்கு நாடு இதற்கான எல்லைக்கோடு மாறும். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டினால் குறைந்தது ஒரு ஆக்சிலிலாவது பிரேக் வேண்டும், 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பல மாநிலங்களில் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ, என்பது எல்லை. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் கட்டாயம். ஆனால் அங்கே கார்கள் இழுக்கும் ட்ரெய்லர்களில் மின்சார பிரேக்குக்குப் பதில், வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டுகிற விசையாலேயே இயங்கும் பிரேக்தான் வழக்கம். அதற்குக் கன்ட்ரோலர் தேவையில்லை. கன்ட்ரோலர் என்ற கருவி முக்கியமாக அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் புழங்கும் மின்சார பிரேக்குக்கு உரியது.

சரி, அந்த மின்சார பிரேக் எப்படி இருக்கும்? ட்ரெய்லர் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை வெளியே இழுத்தால், பார்க்க பழைய கார்களின் டிரம் பிரேக் மாதிரியேதான் இருக்கும். இரண்டு பிறை வடிவ ஷூக்கள், ஸ்பிரிங்குகள், கீழே ஷூவைச் சரிசெய்யும் பல்சக்கரம். வித்தியாசம் என்னவென்றால் பிரேக் ஆயில் வரும் சிலிண்டர் இருக்காது. அதற்குப் பதில் ஒரு நீளமான கை, அதன் நுனியில் உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு ஒரு மின்காந்தம், அதிலிருந்து வெளியே போகும் இரண்டு ஒயர். காந்தத்தின் முகம் டிரம்முக்குள்ளே இருக்கும் தட்டையான இரும்புப் பரப்பை லேசாகத் தொட்டபடி இருக்கும். மின்சாரம் வந்ததும் காந்தம் அந்தச் சுழலும் பரப்பை இறுகப் பிடிக்கப் பார்க்கும், பரப்பு சுழல்வதால் காந்தத்தையும் சேர்த்துக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில் கை சாய்ந்து ஷூக்களை விரித்து டிரம்மின் உள்விளிம்பில் அழுத்தும். காந்தம் நேரடியாகச் சக்கரத்தை நிறுத்துவதில்லை, சக்கரத்தின் சுழற்சியையே கடன் வாங்கி ஷூவை அழுத்துகிறது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்ற பல கேள்விகளுக்கு விடை தானாக வரும். நிற்கிற ட்ரெய்லரில் மின்சார பிரேக் ஏன் உருப்படியாகப் பிடிப்பதில்லை என்றால், டிரம் சுழலாதபோது கையை இழுக்க எதுவும் இல்லை. அதனால்தான் ட்ரெய்லரை நிறுத்தி வைக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வைப்பதைத் தவிர்க்கவே முடியாது. காந்தத்தின் முகம் கோணலாகத் தேய்ந்திருந்தாலோ, பேரிங்கிலிருந்து கசிந்த கிரீஸ் உள்ளே படிந்திருந்தாலோ, முழு மின்சாரம் கொடுத்தும் பிரேக் பாதிதான் பிடிக்கும். கன்ட்ரோலர் திரையில் அப்போதும் அதே எண்தான் தெரியும்.

இப்போது கன்ட்ரோலருக்கு வருவோம். 10 முதல் 12 அங்குல டிரம்மில் இருக்கும் காந்தம் ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இரண்டு ஆக்சில், நாலு சக்கரம் என்றால் முழு பிரேக்கில் 12 ஆம்பியர். இதை ஒரேயடியாகக் கொடுத்தால் சக்கரம் லாக் ஆகிவிடும் (சுழலாமல் இறுகிவிடும்), அதனால் கன்ட்ரோலர் மின்சாரத்தை மிக வேகமாக விட்டு நிறுத்தி, விட்டு நிறுத்தித் துடிப்புகளாக அனுப்புகிறது. லேசான பிரேக் என்றால் துடிப்பு குறுகலாக இருக்கும், பலமான பிரேக் என்றால் அகலமாகும். எவ்வளவு அகலம் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறது என்பதில்தான் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் வித்தியாசம்.

ஒரு காலத்தில் வண்டியின் பிரேக் ஆயில் குழாயிலிருந்தே ஒரு கிளை எடுத்துக் கன்ட்ரோலருக்குக் கொண்டுவருவார்கள். பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு அழுத்தம் கன்ட்ரோலருக்கும் போகும், அதற்கேற்ற மின்சாரம் ட்ரெய்லருக்குப் போகும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். வந்த பிறகு பிரேக் ஆயில் பாதையில் வெளியாள் கை வைப்பது ஆபத்தாகிவிட்டது, அந்த வகை பெரும்பாலும் மறைந்துபோனது. அடுத்து வந்தது நேரத்தை வைத்து இயங்கும் வகை. பிரேக் லைட் எரிந்ததும், நாம் முன்கூட்டியே வைத்த அளவு வரைக்கும் மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும். பெடலை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். விலை குறைவு, பொருத்துவது சுலபம், எந்தக் கோணத்தில் வைத்தாலும் வேலை செய்யும். ஆனாலும் நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதும், அவசரத்தில் முழு பலம் வருவதற்குள் கொஞ்ச நேரம் போய்விடுவதும் இந்த வகையின் குணம். எப்போதாவது சின்ன ட்ரெய்லர் இழுப்பவருக்குச் சரி, 3,000 கிலோவை நெடுஞ்சாலையில் இழுப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வகை வேகக்குறைவை அளக்கும். உள்ளே இருக்கும் சென்சார், வண்டி எவ்வளவு கடுமையாக வேகம் இழக்கிறது என்று பார்த்து அதற்கு ஏற்ற விகிதத்தில் மின்சாரம் அனுப்பும். பழையவற்றில் ஒரு ஊசல் இருந்தது, பொருத்தும்போது மட்டம் பார்த்து வைக்க வேண்டும். இப்போது சின்னச் சில்லு, பெரும்பாலானவை தாமாகவே மட்டத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஆனாலும் பெட்டி வண்டி போகும் திசைக்கு நேராக, ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலானவற்றுக்கு உண்டு. இந்த வகைக்கும் ஒரு குறை இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஐஸ் அல்லது சேறு படிந்த சாலையில் நீங்கள் பெடலை அழுத்தியும் வண்டி வழுக்கிக்கொண்டே போனால், வேகம் குறையவில்லை, அதனால் சென்சார் பார்வையில் நீங்கள் லேசாகத்தான் பிரேக் போடுகிறீர்கள். ட்ரெய்லருக்கும் லேசாகத்தான் அனுப்பும்.

தொழிற்சாலையிலேயே வண்டியோடு சேர்த்துப் பொருத்தி வரும் கன்ட்ரோலர் இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஃபோர்டு 2005 மாடல் சூப்பர் டியூட்டி வண்டிகளில் இதைக் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். இது பிரேக் ஆயிலின் அழுத்தத்தையே சென்சார் மூலம் படிக்கிறது, வண்டியின் வேகம் தெரியும், ஏ.பி.எஸ். எப்போது வேலை செய்கிறது என்பதும் தெரியும். ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால் பல வண்டிகளில் இதுவே ட்ரெய்லர் பிரேக்கைக் கொஞ்சம் பிடித்து நேராக்கும். புதிதாகப் பிக்கப் வாங்குகிறவர், கனமாக இழுக்கப் போகிறோம் என்று தெரிந்தால், இந்த வசதியைச் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. பிற்பாடு தனிப் பெட்டி போடலாம், ஆனால் பெடல் அழுத்தத்தை நேரடியாகப் படிக்கும் அந்த வசதி பெரும்பாலான தனிப் பெட்டிகளில் கிடைக்காது. ட்ரெய்லர் பிளக்கில் செருகி ஃபோனில் இயக்கும் ப்ளூடூத் வகைகளும் இப்போது இருக்கின்றன. ஒயரிங் வேலையே இல்லை என்பது பெரிய வசதி, ஆனால் கையால் பிரேக் போட வேண்டிய அவசரத்தில் ஃபோன் திரையில் பட்டனைத் தேடுவது எனக்கு ஒப்புதலான விஷயம் இல்லை.

எந்த வகையானாலும் கெயின் என்ற அளவை ஓட்டுகிறவர்தான் வைக்க வேண்டும். ட்ரெய்லருக்குப் போகும் அதிகபட்ச பலம் எவ்வளவு என்பதற்கான உச்சவரம்பு அது. "நீங்க எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று இன்னொருவரிடம் கேட்டு அதே எண்ணை வைப்பதில் எந்த அர்த்தமும் இல்லை, ஏனென்றால் அவருடைய ட்ரெய்லரின் எடை வேறு, ஒயர் வேறு, ஷூ தேய்மானம் வேறு. ஆளில்லாத, சமமான, காய்ந்த சாலையில் மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். காலை பிரேக் பெடல் பக்கமே கொண்டுபோகாமல், கன்ட்ரோலரில் இருக்கும் கை லீவரை முழுதாக அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து திடமாக இழுத்து மொத்த வண்டியையும் மெதுவாக்க வேண்டும், ஆனால் சக்கரம் லாக் ஆகக் கூடாது. கண்ணாடியில் டயரிலிருந்து புகை வந்தாலோ கிறீச்சிட்டாலோ கெயினைக் கொஞ்சம் இறக்குங்கள். ஏதோ காற்று தடுத்த மாதிரி லேசாக இருந்தால் ஏற்றுங்கள். லாக் ஆவதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவுதான் சரியான அளவு. இதைச் செய்வதற்கு முன் சில தடவை பிரேக் போட்டு டிரம்மைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த பிரேக்கில் வைத்த அளவு சூடானதும் அதிகமாகிவிடும்.

லாக் ஆனால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலான ட்ரெய்லர்களில் ஏ.பி.எஸ். கிடையாது. லாக் ஆன சக்கரம் வெறுமனே வழுக்கும், வழுக்குகிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பே இருக்காது, ட்ரெய்லரின் பின்பக்கம் சாலையின் சரிவைப் பார்த்துத் தானாக ஒதுங்கப் பார்க்கும். சரக்கு ஏற்றிய ட்ரெய்லருக்குச் சரியாக இருந்த அதே அளவு, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது சக்கரத்தை லாக் பண்ணிவிடும். மழை வந்தாலும், சரளைக்கல் பாதையில் இறங்கினாலும் அப்படித்தான். ஆகவே சுமை மாறினால் கெயினும் மாற வேண்டும். பல கன்ட்ரோலர்களில் பூஸ்ட் என்று இன்னொரு அமைப்பும் இருக்கும், அது உச்சவரம்பை மாற்றுவதில்லை, பெடலைத் தொட்ட அந்த முதல் கணத்தில் எவ்வளவு சீக்கிரம் ட்ரெய்லர் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது. ட்ரெய்லர் வண்டியைவிடக் கனமாக இருந்தால் பயன்படும், காலி ட்ரெய்லருக்குத் தேவையில்லை.

இப்போது, கெயினை 9, 10 என்று உச்சத்தில் வைத்தும் பிரேக் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கன்ட்ரோலர் சரியில்லை என்று முடிவு கட்டி இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்குகிறார்கள். புதியதும் அதே ஒயரில்தான் அனுப்பப் போகிறது. ஒரு கணக்கு பாருங்கள். நாலு காந்தமும் சேர்ந்த மொத்தத் தடை சுமார் 1 ஓம். கன்ட்ரோலரிலிருந்து காந்தம் வரை போய்த் திரும்பி வரும் பாதையில், மெலிந்த ஒயர், துருப்பிடித்த பிளக், தளர்ந்த எர்த் எல்லாம் சேர்ந்து வெறும் 0.2 ஓம் தடை இருந்தால் போதும், 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஒவ்வொரு காந்தத்துக்கும் 3 ஆம்பியருக்குப் பதில் 2.5 ஆம்பியர்தான் கிடைக்கும். 0.2 ஓம் என்பது மிகச் சின்ன அளவு, பச்சை பூத்த ஒரு பிளக்கும் பெயிண்ட் மேலேயே திருகப்பட்ட ஓர் எர்த் முனையும் சேர்ந்தாலே சுலபமாக வந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க, பிரேக்குக்குப் போகும் ஒயரில் ஓர் அம்மீட்டரைத் தொடராக இணைத்து, கெயினை உச்சத்தில் வைத்து, கை லீவரை முழுதாக அழுத்தச் சொல்லிப் பாருங்கள். நாலு சக்கரத்துக்கு 12 ஆம்பியர் அருகில் காட்டினால் மின்சாரம் போய்ச் சேருகிறது, பிரச்சினை டிரம்முக்குள் இருக்கிறது. 9 காட்டினால் பெரும்பாலும் ஒரு காந்தம் முழுதாகச் செத்திருக்கும் அல்லது அதன் ஒயர் அறுந்திருக்கும். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால் பாதையில் எங்கோ தடை. ஒயர் முனைகளைச் சேர்க்கும் இடங்களையும் எர்த்தையும் சுத்தம் செய்தாலே பல ட்ரெய்லர்கள் திருந்திவிடும். திருந்தாவிட்டால் பிரேக் ஒயரைத் தடிமனான ஒன்றாக மாற்றுங்கள். ஓடும்போது மட்டும் வந்து வந்து போகிற ஷார்ட் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆக்சில் குழாயை. ஒரு பக்கத்துச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் ஒயரைப் பல ட்ரெய்லர்களில் அந்தக் குழாய்க்குள்ளே விட்டிருப்பார்கள். ஓட ஓட அது உள்சுவரில் உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொடும். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் கன்ட்ரோலர் ஷார்ட் என்று காட்டும், நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

மின்சாரம் சரியாகப் போயும் பிடிக்கவில்லையா, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக்குகள் இப்போது வருகின்றன, ஆனால் சாலையில் ஓடும் ட்ரெய்லர்களில் ஏராளமானவை கையால் சரிசெய்ய வேண்டியவை. ஷூவின் மேல் இருக்கும் லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும், காந்தத்தின் கை அதிக தூரம் சாய வேண்டியிருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் சாய இடமே இருக்காது. சக்கரத்தைத் தூக்கி, பின்தட்டில் இருக்கும் துளை வழியாகப் பல்சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு லேசாக உரசியபடி சுற்றும் வரை தளர்த்த வேண்டும். புது பிரேக் என்றால் முதல் 300 கிலோமீட்டரில் ஒருமுறை, அப்புறம் சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அதே போல, புது ஷூவும் காந்தமும் போட்டவுடன் முழு பலம் எதிர்பார்க்காதீர்கள். மிதமான வேகத்திலிருந்து பாதி வேகத்துக்கு, நடுவில் ஆறவிட்டு ஆறவிட்டு, இருபது முப்பது தடவையாவது பிரேக் போட்டுப் பழக்கிய பிறகுதான் பரப்புகள் ஒன்றோடொன்று படிந்து சரியாகப் பிடிக்கும். அதற்கு முன் வைத்த கெயினை அதன் பிறகு திரும்பவும் பார்த்து வைக்க வேண்டும்.

அந்தக் கை லீவர் கெயின் வைப்பதற்கு மட்டும் இல்லை. பெரிய லாரி உங்களைக் கடந்து போகும்போது, அல்லது இறக்கத்தில் வேகம் கூடும்போது, ட்ரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கலாம். அப்போது கால் பிரேக்கை ஓங்கி மிதித்தால் முன்னால் இருக்கும் வண்டி மெதுவாகும், பின்னால் இருப்பது தள்ளும், ஆட்டம் கூடத்தான் செய்யும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, லீவரை மட்டும் மெல்ல அழுத்தினால் ட்ரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். இது அந்த நேரத்தில் யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகப் போக வேண்டும். அதனால் கன்ட்ரோலரைப் பொருத்தும்போது, கண்ணுக்கு அழகாக இருக்கிற இடத்தைவிட, பார்க்காமலேயே கை எட்டுகிற இடம் முக்கியம். இந்த லீவரால் ஆட்டத்தை அடக்கிவிட்டோம் என்று திருப்தியாகவும் இருக்கக் கூடாது, ட்ரெய்லர் ஆடுகிறது என்றாலே பெரும்பாலும் சுமை பின்பக்கம் அதிகமாக இருக்கிறது அல்லது வேகம் அதிகம் என்று அர்த்தம், நிறுத்தி அதைச் சரிசெய்ய வேண்டும்.

டிஸ்க் பிரேக் பொருத்திய கனமான ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அவற்றில் காந்தம் இருக்காது, ட்ரெய்லரிலேயே ஒரு மோட்டார் பம்ப் இருந்து, கன்ட்ரோலர் அனுப்பும் சமிக்ஞையைப் படித்து பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும். எல்லாக் கன்ட்ரோலரும் இந்தப் பம்ப்போடு ஒத்துப்போவதில்லை, சிலவற்றில் அதற்கென்று தனி அமைப்பை மாற்றி வைக்க வேண்டும். வாங்கும் முன் இரண்டு கருவிகளின் கையேட்டையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ட்ரெய்லர் ஹிட்ச்சிலிருந்து கழன்றே போய்விட்டால் கன்ட்ரோலரால் ஒன்றும் செய்ய முடியாது, பிளக்கும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். அதற்குத்தான் ட்ரெய்லரின் முன்பக்கம் ஒரு சின்ன பேட்டரியும், மெல்லிய கம்பிக்கயிற்றால் வண்டியோடு கட்டப்பட்ட ஒரு பின்னும் (செருகி வைத்திருக்கும் முளை) இருக்கிறது. ட்ரெய்லர் விலகினால் கயிறு பின்னை உருவும், பேட்டரி நேரடியாகக் காந்தங்களுக்கு மின்சாரம் கொடுக்கும். அமெரிக்காவின் வணிக வாகன விதியிலும் ஆஸ்திரேலிய விதியிலும் அந்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. பேட்டரி பழையதாகிச் சார்ஜ் நிற்காவிட்டால் வெளியில் பார்க்க எந்த அடையாளமும் தெரியாது. கயிற்றை, ட்ரெய்லரை வண்டியோடு பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியில் தனியாகக் கட்டுங்கள், சங்கிலியோடு சேர்த்துக் கட்டினால் சங்கிலி அறுந்தபோது அதுவும் சேர்ந்து போய்விடும். சோதிக்கும்போது முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ட்ரெய்லர் பேட்டரியின் மின்சாரம் திரும்பி வந்து சில கன்ட்ரோலர்களைக் கெடுத்துவிடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுழலவிட்டு, பின்னை உருவச் சொல்லுங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். நின்றதும் பின்னைத் திரும்பச் செருகிவிட்டு, அடுத்த சக்கரத்துக்குப் போங்கள்.